ஆறாவது க்யூப்

ஸ்ட்ரெச்சர் உள்ளே வர ஒற்றைக் கதவு போதவில்லை. இரண்டாவது கதவின் மேல்தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. அவன் நாற்காலி போட்டு ஏறி, உள்ளங்கையால் குத்திக் குத்தித் திறந்தான். வாசல் படியில் ஆம்புலன்ஸ் ஆட்கள் இருவரும் அவன் மனைவியைத் தூக்கியபடி சாரலில் நின்றார்கள்.

"சீக்கிரம் சார். நனையுறாங்க."

கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கான்கிரீட் கட்டியைக் காலால் தள்ளினான். நகரவில்லை. குனிந்து இரண்டு கையாலும் பிடித்துப் புரட்டினான். ஒரு சாண்கூட இல்லாத சதுரக் கட்டிதான். எட்டுக் கிலோ. ஏப்ரலில் ஒருநாள் அவள் அதைத் துணிப்பையில் போட்டுச் சுமந்து வந்தாள். இதய அறுவை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கதவு காத்துல அடிச்சுக்குது" என்று மட்டும் சொன்னாள். அவன் கத்தினான். ஏன் தூக்கினாய் என்றுதான் கத்தினான். எதற்கு என்று கேட்கவில்லை.

புரண்ட பக்கத்தில் எழுத்து இருந்தது. ஈரமாக இருக்கும்போது ஆணியால் கீறிய எழுத்து. 17-2. அதற்குக் கீழே 'பால்கனி'. அதற்கும் கீழே, தனியாக, 6.

பிப்ரவரி பதினேழு. அன்று காலை எட்டே முக்காலுக்கு அவளை அறுவை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"மாப்ள, ஃபேனுக்கு நேரா வைக்கச் சொல்லுங்க" என்றாள் அவன் மாமியார் உள்ளிருந்து. "மழையா இருந்தாலும் அவளுக்குக் காத்து வேணும்."

ஃபேனுக்கு நேராக வைத்தார்கள்.

விடியற்காலையில் அவள் இதயம் நின்றுவிட்டது. மூன்று மணிக்கு எடுப்பதாக முடிவாகியிருந்தது. மணி பத்தரை. அதற்குள் செய்ய வேண்டியவை எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன. எதுவும் அவன் செய்தது போலத் தோன்றவில்லை. யாரோ நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார்கள். யாரோ அவன் கையில் காபி கொடுத்தார்கள், யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் முதலாளி வந்து, அவன் தோளில் கை வைத்து, கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்குக் கீழே கோர்ட் சம்மன் தொங்கியது. அவள் பெயர். வியாழக்கிழமை. இன்று திங்கள்.

கட்டுமானக் கம்பெனியில் அவள் சைட் எஞ்சினியர். ஏழு வருடம். ஜூலையில், மூன்றாவது பிளாக் ஆறாவது மாடியில் ஒரு பால்கனி பெயர்ந்து விழுந்தது. அதில் நின்று சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டரும் விழுந்தார். உயிர் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே இல்லை. பெயிண்டர் அளவுக்கு மீறிச் சாமான் ஏற்றிவிட்டார் என்றது கம்பெனி. செப்டம்பரில் மற்ற வீடுகளுக்குச் சாவி கொடுத்தது. விழுந்த பால்கனியோடு அதே நாளில், அதே கலவையில் போட்ட பால்கனிகள் இன்னும் பதினொன்று இருந்தன. அவற்றில் இப்போது துணி காய்ந்தது, பிள்ளைகள் நின்று கை காட்டினார்கள். பதினொன்றையும் சோதிக்க வேண்டும் என்று வீடு வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். தேவையே இல்லை, அன்றைக்கே எங்கள் எஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று கம்பெனி பதில் கொடுத்தது.

கையெழுத்து அவளுடையதுதான். அதில் சந்தேகமில்லை.

கான்கிரீட் கொட்டும் முன், கம்பியும் பலகையும் சரியாக இருக்கின்றன என்று எஞ்சினியர் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். மிக்ஸர் லாரி வந்து நின்றால் ஒன்றரை மணி நேரம்தான். அதற்குமேல் கலவை உள்ளேயே இறுகத் தொடங்கிவிடும். எஞ்சினியர் எந்த மாடியில் இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அவள் வாரத் தொடக்கத்தில் பத்து வெற்று அட்டைகளில் கையெழுத்துப் போட்டு மேஜை டிராயரில் வைத்துவிடுவாள். பிறகு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, மாடியிலிருந்து போனில் "நிரப்பிக்கோங்க" என்பாள். பார்க்காமல் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எல்லா சைட்டிலும் அப்படித்தான் என்பாள்.

பிப்ரவரி பதினாறு மாலை ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் போன் செய்தார். ஒரு இருபது போட்டுக் கொடுத்துவிடும்மா, உன் இடத்துக்கு வேற எஞ்சினியர் வருகிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்றார். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பையில் இருந்த வெற்று அட்டைகளைக் கவிழ்த்த சாப்பாட்டுத் தட்டின்மேல் வைத்துப் போட்டாள்.

"டாக்டர் இப்படி வெத்துச் சீட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்புனா நான் மருந்து குடுக்கமாட்டேன்" என்றான் அவன்.

"அதான் உன் கடையில ஈ ஓட்டுற."

அவன்தான் கவரில் போட்டு, பைக்கில் போய், சைட் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தான். வேறு எஞ்சினியர் வரவேயில்லை.

பதினொரு மணிக்கு மேஸ்திரி வந்தார். தலையில் பிளாஸ்டிக் பை கவிழ்த்திருந்தார். அதை எடுத்துச் சட்டைப் பையில் திணித்துவிட்டு அவள் கால்மாட்டில் போய் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"சைட்ல நாங்க இவங்களுக்கு ரசமட்டம்னு பேர் வெச்சிருந்தோம் சார்" என்றார் அவனிடம். "அவங்களுக்கும் தெரியும். டீ குடிக்கிற மேஜை மேலகூட ரசமட்டத்தை வெச்சுப் பாப்பாங்க. டீ சரியுதாம்."

திரும்பியபோதுதான் வாசலில் கிடந்த கட்டியைப் பார்த்தார். முகம் மாறியது. வேகமாகப் போய் அதைத் தூக்கி, கதவோரம் வைத்து, எழுத்து இருந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார்.

"இது இங்கயா இருக்கு?"

"கதவுக்கு முட்டு."

"முட்டா?" மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். கூடத்தில் இருந்தவர்கள் தணிந்த குரலில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். "அன்னிக்கு நான் ஆறு க்யூப் எடுத்தேன் சார். யாரும் எடுக்கச் சொல்லல. மேடம் பழக்கிவிட்ட கை. கான்கிரீட் இறங்குச்சுன்னா அதுல ஆறு டப்பா ரொப்பணும், தேதி கீறணும், மறுநாள் தண்ணித் தொட்டியில போடணும். ஏழாம் நாள் மூணை மெஷின்ல வெச்சு உடைக்கணும், இருபத்தெட்டாம் நாள் மூணை உடைக்கணும். எவ்வளவு தாங்குதுன்னு அப்பத்தான் தெரியும்."

"உடைச்சாங்களா?"

"ரிஜிஸ்டர்ல உடைச்சாங்க. ஆறும் உடைச்சாச்சு, ஆறும் பாஸ். மேடம் லீவு முடிஞ்சு வந்து தொட்டியை எட்டிப் பாக்கறாங்க, ஆறும் உள்ள கிடக்கு. முழுசா."

அவன் கட்டியைப் பார்த்தான்.

"ஒண்ணை எடுத்துக் குடுங்க மேஸ்திரின்னாங்க. குடுத்தேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க. என் வீட்டுக்காரிகிட்டகூட சொல்லல. அவகிட்ட சொல்றதும் ஒண்ணு, மைக் வெச்சு சொல்றதும் ஒண்ணு." அவர் சிரிக்கவில்லை. "பால்கனி விழுந்த மறுநாள் தொட்டியையே காலி பண்ணிட்டாங்க. அஞ்சும் போச்சு."

ஜன்னலோரம் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த தம்ளரில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. மேஸ்திரி அதில் விரலை நனைத்து, கட்டியின் மேல் நான்கு சொட்டு விட்டார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொட்டுகள் நிற்கவில்லை. பரவி, கறுத்து, உள்ளே போய்விட்டன.

"நல்ல கான்கிரீட்னா சொட்டு அப்படியே முத்து மாதிரி நிக்கும். இது குடிக்குது. லாரி லேட்டு சார் அன்னிக்கு. கலவை இறுகிப் போச்சு. திருப்பி அனுப்பாம ஹோஸை உள்ள விட்டுத் தண்ணி அடிச்சாங்க. மேடம் இருந்திருந்தா லாரிக்குக் குறுக்கப் படுத்திருப்பாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல அவ?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "க்யூப் வெளிய வந்தா அந்தக் கையெழுத்துக் கார்டும் வெளிய வரும். கார்டு வந்தா, அதைக் கொண்டாந்து குடுத்தது யாருன்னு வரும்." பிறகு, மெதுவாக, "வியாழக்கிழமை என்ன சொல்றதா இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது சார்" என்றார்.

அவன் நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தாள். கையில் இரண்டு காபி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"ஆறுது" என்றாள். மேஸ்திரியிடம் ஒன்றை நீட்டினாள்.

ஒரு மணிக்குக் கம்பெனி வக்கீல் வந்தார். அவரை அவன் முன்பு பார்த்ததில்லை. பெரிய மலர்வளையம் ஒன்றை அவளருகில் சாய்த்து வைத்து, சரியாக ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார். பிறகு அவன் முழங்கையைத் தொட்டு, "உள்ள போய் ரெண்டு நிமிஷம் பேசலாமா?" என்றார்.

படுக்கையறையில் அவளுடைய தலையணை அழுந்தியபடியே இருந்தது. கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்த நேரத்துல வந்து பேசறதுக்கு மன்னிக்கணும். வியாழக்கிழமை கேஸ் இருக்கு, அதான். அவங்க மேல இனிமே யாரும் எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது. அந்த விஷயத்துல நீங்க நிம்மதியா இருக்கலாம். இருக்கறவங்களைப் பத்தித்தான் நாம யோசிக்கணும்."

"இருக்கறவங்கன்னா?"

"நீங்க." குரலில் உண்மையான கனிவு இருந்தது. "பதினாறாம் தேதி சாயங்காலம் நீங்க ஒரு கவரோட சைட்டுக்குள்ள வர்றது கேட் கேமராவுல தெளிவா இருக்கு. அது எங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. எங்ககிட்டயே இருக்கும்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அவன் அதை மருந்துச் சீட்டுப் படிப்பது போல இரண்டு தடவை படித்தான். அவள் முழு நினைவோடு, வேலை விவரங்களைப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட்டாள். கணவனாகிய நான் அதற்குச் சாட்சி. கம்பெனிக்குச் சொந்தமான புத்தகமோ, பதிவேடோ, சோதனைப் பொருளோ எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. கீழே அவன் பெயர். தேதி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள்.

"தேதி இல்லையே?"

"அதை நாங்க போட்டுக்கறோம். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"தேதி இல்லாத சீட்டை நான் தொடறதில்ல சார்."

"சின்ன விஷயம்."

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்" என்றான்.

வக்கீல் அவனை ஒரு கணம் பார்த்தார். தாளைத் திரும்ப வாங்கவில்லை. "வெச்சிருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு நிதானமாப் பாருங்க. சோதனைப் பொருள்னா என்னன்னு தெரியுமில்ல? இப்படி ஏதாவது டப்பா, கட்டி..." கையால் காற்றில் ஒரு சதுரம் வரைந்தார். "எங்க தொட்டியில ஒண்ணு கணக்குல உதைக்குது. அவங்க எதுவும் வீட்டுக்குக் கொண்டு வரலையே?"

"அவ வீட்டுக்குக் கொண்டு வந்தது எல்லாம் தலைவலிதான்."

வக்கீல் புன்னகைத்தார். அப்போது கூடத்தில் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. யாரோ அலறினார்கள். காற்று திரும்பியிருந்தது. அவர்கள் வெளியே வந்தபோது கதவு மறுபடியும் அடித்தது. மலர்வளையத்தின் தாள் படபடத்தது. உதவி செய்யக் கிடைத்த சந்தர்ப்பத்தை விட மனமில்லாதவர் போல வக்கீல் முந்திக்கொண்டார். கதவைப் பிடித்து நிறுத்தி, சுவரோரம் இருந்த கட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கதவடியில் வைத்தார்.

"யப்பா, என்ன கனம்!"

கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். எழுத்து இருந்த பக்கம் தெருவைப் பார்த்திருந்தது.

அவன் மேஸ்திரியைத் தேடினான். அவர் வெளியே வேன்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். மாமியார் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கட்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

இரண்டரைக்கு மேனேஜர் வந்தார். மழையில் நனைந்த கிழட்டு மனிதர். அவளருகில் மண்டியிட்டு அழுதார். பொய்யான அழுகை இல்லை. "எத்தனை வாட்டி சொன்னேன், லீவு போடும்மா, உடம்பைப் பாரும்மான்னு" என்றார். அவன் தலையை அசைத்தான். சொல்லியிருக்கக்கூடும்.

"வியாழக்கிழமை நீ ஒண்ணும் அலைய வேண்டாம் தம்பி. நாங்க பாத்துக்கறோம்."

"வர்றேன் சார்."

"நீ எதுக்கு?"

"அவ பேருக்கு வந்த சம்மன். அவ இல்லன்னு சொல்லவாவது ஆள் வேணுமில்ல."

மேனேஜர் எழுந்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பில் கால் நுழைக்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றார். மூன்று வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு செருப்பை மாட்டாமல் நிமிர்ந்தார். வக்கீலைப் பார்த்தார். இருவரும் படியிறங்கிக் கார் அருகில் நின்று பேசினார்கள். வக்கீல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

வேன் பின்பக்கமாக வந்து நின்றது. நான்கு பேர் தூக்கினார்கள். அவன் தலைப்பக்கம் பிடித்தான், மேஸ்திரி கால்பக்கம். வாசலைத் தாண்டும்போது, "இடுக்குது, அந்தக் கல்லை எடுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள்.

"எடுக்காதீங்க" என்றான். "அப்படியே சாய்ச்சுக் கொண்டு போலாம்."

லேசாகச் சாய்த்துக் கொண்டு போனார்கள். சாய்ந்ததில் அவள் முகம் அவன் பக்கம் திரும்பியது.

அவளை வேனில் ஏற்றிய பிறகு மேனேஜர் படியேறி வந்தார். குடையை மடக்கினார். "எல்லாரும் போயிட்டு வாங்க. வீட்டுக்கு ஆள் வேணுமில்ல, நான் இருக்கேன்."

அது நல்ல மனிதர் சொல்லும் சொல்லாகத்தான் கேட்டது. உறவுக்காரர் ஒருவர் நன்றிகூடச் சொன்னார். அவன் ஒரு காலை வேனின் படியில் வைத்திருந்தான். மேஸ்திரியைக் காவலுக்கு விட்டுவிட்டுப் போகலாமா? மேனேஜர் பேச்சுக்கு மேஸ்திரி எத்தனை நிமிடம் தாங்குவார்? தானே இறங்கிவிடலாமா? அவளை வேற்று ஆட்கள் கையில் கொடுத்துவிட்டா?

"வீட்டுக்கு நான் இருக்கேன்" என்றது ஒரு குரல்.

மாமியார் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலில், இரண்டு கதவுக்கும் நடுவில் போட்டாள்.

"அத்தை, நீங்க வரலியா?"

"முட்டி விடாது. அங்க சேறா இருக்கும்."

"தூக்கிட்டுப் போறோம் அத்தை. அவளை..."

"முப்பத்தொரு வருஷம் பாத்துட்டேன் மாப்ள. நீங்க போங்க." உட்கார்ந்தாள். செருப்பில்லாத கால்களைத் தூக்கி, இரண்டு குதிகாலையும் கட்டியின் மேல் வைத்துக்கொண்டாள். கால்வலிக்காரர்கள் முக்காலியில் வைப்பது போல. பிறகு மேனேஜரைப் பார்த்து, "நீங்க மொதல்ல உங்க காரை எடுங்க சார். அது வேனை மறிச்சுக்கிட்டு நிக்குது. என் பொண்ணு எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருப்பா?" என்றாள்.

அவர் குடையோடு நின்றார். பிறகு இறங்கினார்.

கார் நகர்ந்து எதிர்ச்சாரியில் போய் நின்றது. வேன் தெருமுனையில் திரும்பியபோது அவன் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். கார் நின்ற இடத்திலேயே இருந்தது. உள்ளே இரண்டு தலைகள் தெரிந்தன. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து அவன் திரும்பும்போது ஐந்தரை ஆகிவிட்டது. மேஸ்திரி பைக்கில் கொண்டுவந்து இறக்கினார். தெருவில் கார் இல்லை. வாசலில் மாமியார் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாரலில் புடவை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்தது.

"அந்தக் குடைக்காரன் ரெண்டு தடவை வந்தான்" என்றாள். "மொதல்ல தண்ணி வேணும்னான். மழையில நின்னுக்கிட்டு என்னப்பா தண்ணின்னேன். அப்புறம் பாத்ரூம் போகணும்னான். எதிர்வீட்டுல நல்ல பாத்ரூம் இருக்கு, போன மாசம்தான் டைல்ஸ் போட்டாங்க, போய்ட்டு வான்னேன்."

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அத்தை."

"மழை விட்டுதா அங்க?"

"அந்த நேரத்துக்கு மட்டும் விட்டுது."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்திருக்கவில்லை. சற்றுக் கழித்து, "காலு மரத்துப் போச்சு மாப்ள. கொஞ்சம் எடுத்து விடுங்க" என்றாள்.

அவன் ஈரத் தரையில் உட்கார்ந்தான். அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொன்றாகத் தூக்கித் தரையில் வைத்தான். அவை குளிர்ந்திருந்தன.

கட்டி முழுக்க நனைந்து கறுத்திருந்தது. மேலே, பக்கத்தில் பக்கமாக, இரண்டு குதிகால் அளவுக்கு மட்டும் வெளுப்பாகக் காய்ந்த இடம். சாரல் அதன்மேல் விழத் தொடங்கியது.